தரைக்கு மேல் பத்தடி

அன்புள்ள ஐயா,

செஸ்னா 172-இல் விமானம் ஓட்டக் கற்றுவருகிறேன். 21 மணி நேரம் ஆகிவிட்டது. மேலே எல்லாம் சரியாக வருகிறது, இறக்கும்போதுதான் சொதப்பல். ஒருமுறை தொப்பென்று விழுகிறது, அடுத்த முறை தரையை நெருங்கிவிட்டு மறுபடி மேலே எழும்பிவிடுகிறது. என்னோடு சேர்ந்தவர் 14 மணி நேரத்திலேயே சோலோ, அதாவது பயிற்சியாளர் இல்லாமல் தனியாக, பறந்துவிட்டார். இது என் கைக்கு வராத வித்தையோ?

கே.

அன்புள்ள கே,

கையை விடுங்கள். கடைசி சில நொடிகளில் உங்கள் கண் எங்கே இருக்கிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எனக்கும் இதே வியாதி இருந்தது. மூக்குக்கு முன்னால் ஓடிவரும் தார்ப்பரப்பையே வெறித்துக்கொண்டிருப்பேன். கிட்டத்தில் இருக்கும் தரை கலங்கலாக ஓடுவதால் உயரம் பிடிபடாது. பயத்தில் யோக்கை, அதாவது கையில் பிடித்து ஓட்டும் சக்கரத்தை, வெடுக்கென்று இழுப்பேன். விமானம் எழும்பும், வேகம் குறையும், அப்புறம் தொப். ஃப்ளேர், அதாவது தரை தொடுவதற்கு முன் மூக்கை மெல்லத் தூக்குவது, தொடங்கும்போது பார்வையை ஓடுபாதையின் மறுகோடிக்குக் கொண்டுபோங்கள். பாதையின் இரண்டு ஓரங்களும் கடைக்கண்ணில் அகன்றுகொண்டே வருவது தெரியும். உயரத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

உங்கள் பயிற்சியாளரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை அவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஓடுபாதைக்கு மேலே சில அடி உயரத்தில், இறங்காமல், நடுக்கோட்டின் மேலேயே ஓட்டிப் போங்கள். வழக்கமான லேண்டிங்கில் அந்த உயரத்தில் இருப்பது மூன்று நான்கு நொடிதான், அதற்குள் என்னத்தைக் கற்றுக்கொள்வது? என் பயிற்சியாளர், "இறக்காதே, இறங்கவிடாமல் பிடி" என்பார். பிடித்துக்கொண்டே இருந்தால் அது தானாகவே இறங்கும்.

இன்னொன்று வேகம். 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தில் வரவேண்டிய இடத்தில் 70-இல் வந்தால், ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால் 16 சதவீதம் அதிகமாகிவிடுகிறது. போதாததற்கு, இறக்கை நீளமான 11 மீட்டருக்கும் கீழே வந்துவிட்டால் காற்றின் இழுவையும் குறைந்துவிடும். விமானம் இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டே போகும். கடைசித் திருப்பத்திலேயே செய்த தவறுக்குக் கடைசி நொடியில் கையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

எகிறிவிட்டால் மூக்கை மட்டும் கீழே அழுத்தாதீர்கள். முன்சக்கரம் முதலில் அடிபடும், புரொப்பெல்லர் தரையில் உரசும். முழு த்ராட்டில் கொடுத்து இன்னொரு சுற்று போய் வாருங்கள்.

14 மணி, 21 மணி என்ற கணக்கில் எனக்கு மரியாதை இல்லை. எனக்கு 26 ஆனது. அன்று பயிற்சியாளர் எதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் இறங்கி, காலி இருக்கையின் பெல்ட்டைத் தானே இறுக்கிப் பூட்டிவிட்டுப் போனார். அது தொங்கிக் கிடந்து கட்டுப்பாடுகளில் சிக்கிக்கொள்ளக் கூடாதாம். ஒரு ஆள் எடை குறைந்ததில் விமானம் எதிர்பார்த்ததற்கு முன்பே எழும்பிவிட்டது. இறங்கும்போதும் அதே கதை, மிதந்துகொண்டே போனது. பாதையில் பாதி போனதும் த்ராட்டிலைத் திறந்து மேலே ஏறிவிட்டேன்.

இரண்டாவது முறை இறங்கி, வெட்கத்தோடு அவர் முன்னால் போய் நின்றேன். "நீ சுற்றிப் போனதைப் பார்த்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்" என்றார்.