கேள்வி–பதில்: மரக்கம்பத்தில் நிற்கும் கருங்கல்

கேள்வி: இங்கே அமெரிக்க மிஷன்காரரை அனுப்பிய பொஸ்ரன் நகரில் பெரிய கருங்கல் தேவாலயம் ஒன்று மரக்கம்பங்களின் மேல் நிற்கிறதாம். எங்கள் வேலித்தூணே சில வருடத்தில் உக்கிவிடுகிறதே! கட்டியவர் யார்?
— வட்டுக்கோட்டை வாசகர்

பதில்: அது ரினிற்றி தேவாலயம். வடிவமைத்தவர் ஹென்றி ஹொப்சன் றிச்சட்சன் (1838–1886). 1872இல் போட்டியில் வென்றார். 1877இல் வேலை முடிந்தது. சதுப்பை மண் கொட்டி நிரப்பிய நிலம் என்பதால் ஏறத்தாழ 4,500 மரக்கம்பங்களை அடித்து இறக்கினார்கள். நடுக்கோபுரத்தின் பாரம் முழுவதும் நான்கு தூண்களில் இறங்குகிறது. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் தலை வெட்டிய கருங்கல் பிரமிட் ஒன்று: மேலே 7 அடிச் சதுரம், கீழே 35 அடிச் சதுரம், உயரம் 17 அடி. அதாவது பாரம் 25 மடங்கு பரப்பில் பரவித்தான் கம்பங்களுக்குப் போகிறது.

இனி உக்கும் விஷயம். மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். உங்கள் வேலித்தூணைப் பிடுங்கிப் பாருங்கள், நிலமட்டத்தை ஒட்டிய இடம்தான் முதலில் போயிருக்கும். எந்நேரமும் தண்ணீருக்குள் கிடக்கும் மரத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே அங்கே பயம் நிலத்தடி நீர் இறங்குவதுதான். தேவாலயம் நிற்கும் அதே சதுக்கத்தில் இருக்கும் பொது நூலகத்தில் 1929இல் வெடிப்புக் கண்டு தோண்டினார்கள். கம்பங்களின் தலைகள் உக்கியிருந்தன. நிலத்தடி நீர் கழிவுநீர்க் குழாய்க்குள் கசிந்து போயிருந்தது. உக்கிய தலைகளை வெட்டிவிட்டுக் கொங்கிறீற் வைத்தார்கள்.

கேள்வி: றிச்சட்சன் பழைய ஐரோப்பியக் கட்டடங்களைப் பார்த்துக் கட்டியவர்தானா?
— கொக்குவில் மாணவி

பதில்: பார்த்தார், ஆனால் படித்ததை அல்ல. 1860இல் பாரிஸின் நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரால், பிறந்த மாநிலமான லூசியானாவிலிருந்து வந்த பணம் நின்றதால் அங்கே ஒரு கட்டடக்கலைஞரிடம் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். கல்லூரியில் பயிற்றியது கிரேக்க–உரோமை மரபு. அவர் எடுத்துக்கொண்டதோ தென்பிரான்சினதும் ஸ்பெயினினதும் ரோமனெஸ்க் பாணி, அதாவது தடித்த சுவரும் அரைவட்ட வளைவும் கொண்ட இடைக்காலப் பாணி. ரினிற்றியின் கோபுரத்துக்கு மூலம் ஸ்பெயினின் சலமன்கா நகரில் உள்ள பழைய பேராலயம். மேலே சொன்ன நூலகத்தை வரைந்த மக்கிம், இளமையில் இவருடைய அலுவலகத்தில் இருந்தவர்.

என் கணிப்பில் தேவாலயத்தை விடப் பெரிய படைப்பு, சிக்காகோவில் மாஷல் ஃபீல்ட் நிறுவனத்துக்குக் கட்டிய மொத்த வியாபார மாளிகை. அலங்காரம் அநேகமாக இல்லை. பல மாடி யன்னல்களை ஒரே வளைவுக்குள் அடக்கி, கல்லின் கனத்தையே அழகாக்கினார். அதைப் பார்த்த சிக்காகோக் கட்டடக்கலைஞர் லூயி சலிவன், அந்நகரில் தான் வரைந்த ஓடிட்டோரியம் கட்டடத்தின் முகப்பையே எளிமையாக்கினார். 1887இல் மாளிகை முடிந்தபோது றிச்சட்சன் உயிரோடு இல்லை. முந்திய வருடம் சிறுநீரக நோயால் 47 வயதில் இறந்துவிட்டார். 1930இல் அதை இடித்து, வாகனத் தரிப்பிடம் ஆக்கினார்கள்.