கூட்டணுமா, கழிக்கணுமா? கணக்குக் கேள்வி-பதில்

கேள்வி: மகன் நாலாம் வகுப்பு. கூட்டல், கழித்தல் நன்றாகப் போடுகிறான். வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் "கூட்டணுமாம்மா, கழிக்கணுமாம்மா?" என்று என் முகத்தைப் பார்க்கிறான். (தாய், திருமங்கலம்)

பதில்: அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள். 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்று நாம்தான் பிள்ளைகளைப் பழக்கிவிடுகிறோம். அவர்களும் அந்த ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துக்கொண்டு கதையை விட்டுவிடுகிறார்கள்.

இதைக் கொடுத்துப் பாருங்கள்: "முருகனிடம் 12 மாங்காய். அது வள்ளியிடம் இருப்பதைவிட 5 அதிகம். வள்ளியிடம் எத்தனை?" 'அதிகம்' என்று கண்டதும் 17 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. விடை 7.

முதலில் பென்சிலை வாங்கி வைத்துவிட்டு, "யாருகிட்ட நிறைய இருக்கு?" என்று கேளுங்கள். அதைச் சொன்ன பிறகு பென்சிலைக் கொடுங்கள். முருகனுக்கு நீளமாக ஒரு கோடு, அதன் கீழே வள்ளிக்குக் குட்டையாக ஒரு கோடு. நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின்மேல் 5 என்று எழுதட்டும். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கோடே காட்டிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு இப்படிப் போட்டால் போதும், இருபது வேண்டாம்.

கேள்வி: மாட்டுத்தாவணியில் பூ விற்கிறோம். ஆறாவது படிக்கும் மகள் 35 ரூபாய் முழம் நாலு என்றால் சட்டென்று 140 என்கிறாள். நோட்டில் அதே பெருக்கல் தப்பாகிறது.

பதில்: அவளுக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது, அம்மா. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த 5 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1985-ல் வெளியானது. விற்கும்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதையே வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 தான். தேங்காய் 35 என்றால் பத்துக்கு எவ்வளவு என்றதற்கு ஒரு பையன் மூன்று மூன்றாகச் சேர்த்து 105, 210, 315, அப்புறம் 350 என்று ஏறிப் போனான்.

உங்கள் மகளும் வாயால் சொல்வதை அப்படியே எழுதட்டும்: 2 முழம் 70, இன்னும் 2 முழம் 70, ஆக 140. பக்கத்திலேயே பள்ளி முறையையும் போட்டு, எந்த இடத்தில் பிசகுகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

கேள்வி: டியூஷன் சேர்க்கலாமா? (தந்தை, சோழவந்தான்)

பதில்: தப்பான விடையைப் பார்த்ததும் "எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேட்பவராக இருந்தால் சேருங்கள்.

கேள்வி: பேரன் ஏழாம் வகுப்பு. இன்னும் விரல்விட்டு எண்ணுகிறான். குறை ஏதும் இருக்குமோ? (தாத்தா, மேலூர்)

பதில்: விரல்விடுவதைத் தடுக்காதீர்கள். 8-உம் 5-உம் கூட்டும்போது ஒன்றிலிருந்து தொடங்குகிறானா, எட்டை மனதில் வைத்து மேலே எண்ணுகிறானா என்று பாருங்கள். இந்த வயதிலும் ஒன்றிலிருந்தே தொடங்கி, மணி பார்க்கவும் சில்லறை எண்ணவும் திணறினால், உளவியலாளரிடம் காட்டுங்கள். டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே அதன் பெயர் இருக்கிறது. அது அறிவுக் குறைவு இல்லை. "மண்டையில ஏறலை" என்று அவன் காதுபட யாரும் சொல்ல வேண்டாம், நீங்களும்தான் ஐயா.