3டி பிரின்ட் உலோகமும் எட்டு வாரக் கோடை ஆய்வும்: மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். கோடையில் எட்டு வாரம் ஓர் ஆய்வகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. "3டி பிரின்டிங்கில் புதிய உலோகக் கலவை" என்று தலைப்பு கொடுக்கலாமா? (ஈரோடு)

வேண்டாம் தம்பி. முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சியில் போகும், கடைசி வாரம் அறிக்கை எழுதுவதில் போகும். நடுவில் மெஷின் எப்போது காலியாகும் என்பது உங்கள் கையில் இல்லை. இந்த மெஷின் உலோகப் பவுடரை லேசரால் அடுக்கடுக்காக உருக்கித்தான் பாகத்தைச் செய்கிறது; பவுடரை மாற்ற வேண்டுமானால் அதன் உள்ளே ஒரு மூலை விடாமல் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு கோடை மாணவருக்காக அந்த வேலையை எந்த ஆய்வகமும் இழுத்துப் போட்டுக்கொள்ளாது.

ஏற்கெனவே பிரின்ட் செய்து வைத்த துண்டுகள் இருக்கின்றனவா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். படுக்கையாக பிரின்ட் அடித்த 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீலுக்கும் நிமிர்த்தி அடித்ததற்கும் இழுவிசை வலிமை எவ்வளவு மாறுகிறது? இந்த ஒரு கேள்வி போதும். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் வரலாறு வேண்டும்: எந்த பவுடர், அது எத்தனையாவது முறை பயன்பட்டது, மெஷினின் அடித்தட்டில் எந்த இடத்தில் நின்றது, பிறகு சூடேற்றினார்களா. இவை இல்லாத துண்டை வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் எண்ணை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது.

பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் டென்சைல் துண்டுகள் (இழுத்து உடைத்து வலிமை பார்ப்பவை) பிரின்ட் அடித்தேன். எல்லாமே நடுவில் உடையாமல் வளைவு தொடங்கும் இடத்தில் உடைகின்றன. மெஷின் கோளாறா? (திருநெல்வேலி)

மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். பிளாஸ்டிக்கை இழுத்துச் சோதிக்க ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிலை அமைப்பு வகுத்த டி638 முறையின் முதல் வகைத் துண்டில் நடுப்பகுதி 13 மிமீ அகலம். அது பிடிக்கும் முனையை நோக்கி வளைந்து விரியும் இடத்தில், 45 பாகையில் ஓடும் இழைகள் படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டு நிற்கும். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், இழைமுனைகளுக்கு நடுவே சிறு இடைவெளிகள் தெரியும். விரிசல் அங்கேதான் பிறக்கிறது.

சுற்று வரிகளை, அதாவது துண்டின் ஓரத்தைச் சுற்றி ஓடும் இழைகளைக் கூட்டினால் சரியாகும் என்பார்கள். உடைவது ஓரளவு நிற்கும்; ஆனால் நீங்கள் அளப்பது உள்ளே நிரப்பிய இழைகளை அல்ல, சுற்று வரியை. முதலில் ஒரு தகடாக அடித்து அதிலிருந்து துண்டை வெட்டி எடுப்பது நல்லது. கலப்புப் பொருட்களுக்கான டி3039 முறையில் நேர்ப்பட்டை வெட்டி, முனைகளில் பட்டி ஒட்டியும் இழுக்கலாம். எண்ணிக்கையையும் கவனியுங்கள்: திசைக்குத் திசை வலிமை மாறும் பொருளுக்கு டி638 இரு திசைகளிலும் ஐந்தைந்து துண்டு கேட்கிறது. மூன்றை இழுத்துவிட்டு சராசரி போட வேண்டாம்.

ஆர்க்கிமிடீஸ் முறையில் (காற்றிலும் தண்ணீரிலும் எடை பார்த்து) 316எல் துண்டின் அடர்த்தி 99.5 சதவீதம் வந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் துளைகள் அதிகமாகத் தெரிகின்றன. எதை நம்புவது? (சென்னை)

இந்த மாதிரிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் தண்ணீரின் வெப்பநிலை என்ன? 20 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.9982 கிராம், 30 டிகிரியில் 0.9957. மே மாதச் சென்னையில், ஏ.சி. இல்லாத அறையில் அளந்துவிட்டு 20 டிகிரி எண்ணைப் போட்டால் 0.25 சதவீதம் கூடுதலாக வரும். நீங்கள் தேடும் துளைகளின் மொத்தமே அரை சதவீதம்தான்!

அடுத்து, சதவீதம் காண, துளையே இல்லாத 316எல்-இன் அடர்த்தி என்று எதால் வகுத்தீர்கள்? 7.9 என்றும் 8.0 என்றும் இரண்டையும் புத்தகங்களில் பார்க்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் மேல். மேற்பரப்புக்குத் திறந்திருக்கும் துளைகளில் தண்ணீர் புகுந்தால் அவை கணக்கில் வராது. சொரசொரப்பில் ஒட்டிய காற்றுக்குமிழி நேர்மாறாக அடர்த்தியைக் குறைத்துக் காட்டும்.

மைக்ரோஸ்கோப் காட்டுவது ஒரே ஒரு வெட்டுமுகம். ஆனால் துளையின் வடிவம் காரணத்தைச் சொல்லிவிடும். கோணல்மாணலாக, உள்ளே உருகாத பவுடர் மணிகளோடு இருந்தால் லேசர் ஆற்றல் போதவில்லை. சிறிய உருண்டை என்றால் பெரும்பாலும் வாயு. லேசர் பட்டு உருகிய உலோகக் குட்டையின் (உருகுகுளம்) அடியில் பெரிய உருண்டை என்றால் ஆற்றல் மிஞ்சிப்போயிருக்கிறது. எனவே இரண்டு அளவையும் அறிக்கையில் கொடுங்கள். லேசர் 200 வாட், வேகம் நொடிக்கு 800 மிமீ, லேசர் ஓடும் கோடுகளுக்கு இடையே 0.1 மிமீ, அடுக்கு 0.03 மிமீ என்றால் ஆற்றல் அடர்த்தி கன மிமீட்டருக்கு 83 ஜூல். அந்த 83-ஐ மட்டும் எழுதாதீர்கள். வேறு நான்கு எண்களாலும் அதே 83 வரும், துளைகள் வேறு மாதிரி இருக்கும்.

வார்ப்பு அலுமினியத்துக்கு டி6 முறையில் (அதிக வெப்பத்தில் வைத்து, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடேற்றுவது) சூடேற்றினால் வலிமை கூடும் என்று படித்தோம். பிரின்ட் செய்த அலுமினியம்-சிலிக்கான் துண்டில் குறைகிறதே? (கோவை)

சரியாகத்தான் அளந்திருக்கிறீர்கள். லேசரில் உருகியது மிக வேகமாகக் குளிர்வதால் சிலிக்கான், அலுமினியத்தைச் சுற்றி மைக்ரானுக்கும் குறைவான கண்ணிகளோடு ஒரு வலையாக அமைகிறது. வலிமையின் பெரும்பங்கு அந்த வலையுடையது. டி6-க்காக 500 டிகிரிக்கு மேல் வைத்தால் வலை அறுந்து, சிலிக்கான் பெரிய உருண்டைகளாகிவிடும். வலிமை இறங்கும், நீட்சி கூடும். அடித்தபடியே ஒன்று, 300 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தது ஒன்று, டி6 ஒன்று என மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரு கோடைக்கு அருமையான வேலை.

மகள் டைட்டானியம் பவுடர் உள்ள ஆய்வகத்துக்குப் போகிறாள். ஆபத்தா? (ஒரு தாய், மதுரை)

அம்மா, டைட்டானியம், அலுமினியம் பவுடர்கள் தீப்பிடிக்கக்கூடியவை. அந்தத் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. முகக்கவசம், ஆர்கான் வாயு, நிலைமின்சாரம் தரையிறங்க ஏற்பாடு ஆகியவை உள்ள ஆய்வகத்தில் மேற்பார்வையோடு வேலை செய்யலாம். டைட்டானியத்தின் உள்ளமைப்பைப் பார்க்கப் பயன்படும் அமிலக் கரைசலைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. அதில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிக்காது, உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த வேலையை மறுத்துவிடட்டும். அதைத் தனியாகவும் செய்யக் கூடாது.

பிரின்ட் செய்த பாகத்தை நம்பி ராக்கெட்டில் வைக்கிறார்களா? (தஞ்சாவூர்)

இஸ்ரோ 2024 மே மாதம் பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்ட எஞ்சினை இப்படிச் செய்து 665 விநாடி எரித்துச் சோதித்தது. 14 பாகங்கள் ஒன்றாகி, 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. அதே மாதம் 30-ஆம் தேதி, சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக பிரின்ட் செய்த எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டை ஏவியது. இத்தகைய முக்கியமான பாகங்களை அடிக்கும்போது அதே தட்டில் சாட்சித் துண்டுகளையும் சேர்த்து அடிப்பது வழக்கம். பாகத்தை உடைத்துப் பார்க்க முடியாததால், அந்தத் துண்டுகளை இழுத்தும் அறுத்தும் பார்க்கிறார்கள்.