எந்த 'சுகம்' சார்?

கேள்வி: குஜராத்தி பாடகர், இசையமைப்பாளர் புருஷோத்தம் உபாத்யாய் 'சுகம் சங்கீத்'ல பெரிய ஆளாமே? சும்மா சுகமா கேட்டுட்டுப் போற பாட்டுக்கெல்லாம் பத்மஸ்ரீயா?

பதில்: நீங்க நினைக்கிற சுகம் (sukham) வேற சார், இந்த சுகம் (sugam) வேற. இது சு-கம், அதாவது சுலபமா போய்ச் சேரலாம். துர்கம்னா ஏற முடியாத கோட்டை இல்லையா, அதுக்கு நேர் எதிர். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே 'க' போட்டா இப்படித்தான் ஆகும். 'க' மேல 2, 3, 4னு நம்பர் போட்டு அச்சடிங்கனு பதினஞ்சு வருஷமா ஒரு வாசகர் நமக்கு கார்டு போட்டுட்டே இருக்கார், பத்திரிகை சுலோகப் புத்தகம் மாதிரி ஆயிடும் மாட்டேன்னு நானும் பிடிவாதமா இருக்கேன், இன்னைக்கு உங்க கேள்விய எடுத்துட்டுப்போய் அவர் வீட்டு வாசல்ல மாட்டிடுவார் போல.

சரி, உபாத்யாய். கேடா மாவட்டம் உத்தரசண்டாவுல 1934ல பிறந்தவர், மும்பையில வாழ்ந்தவர். பத்மஸ்ரீ வந்தது 2017ல, எண்பதைத் தாண்டினப்புறம், அதுவும் உங்களுக்கு உறுத்துது. 2024 டிசம்பர்ல போயிட்டார். அவர் மெட்டுல இந்திப் பாடகர் முகமது ரஃபி பாடின 'திவஸோ ஜுதாய்னா' (பிரிவோட நாட்கள்) குஜராத்தி கஜல் கேளுங்க. எழுதினவர் சூரத்காரர் கனி தஹிவாலா. பேர்ல தயிர் ('தஹி'னா தயிர்), தொழில் தையல், நிஜமாவே டெய்லர்தான். ஒவ்வொரு கண்ணியும் 'சுதீ'னு முடியும், 'வரைக்கும்'னு அர்த்தம். அதே வார்த்தை திரும்பத் திரும்ப வந்து விழணும், கேக்கறவனுக்கு சலிக்கவும் கூடாது, மெட்டு போடறவனோட கஷ்டம் அங்கதான் இருக்கு, அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியாம பாத்துக்கறதுக்குத்தான் சார் திறமை வேணும். அதுல ஒரு இடம், பூமி வரைக்கும் போகல, வானம் வரைக்கும் போகல, நாம போக வேண்டியிருந்தது ஒருத்தர் மனசு வரைக்கும் இன்னொருத்தர், அவ்ளோதான்னு வரும். நம்மூர்ல இதையே மெல்லிசைனு சொல்லிட்டு, கச்சேரி சபாக்காரங்க மூக்கைச் சுளிப்பாங்க. நீங்க 'சும்மா'ங்கறீங்க.

அதே கஜல்ல ஆரம்பத்துலயே இன்னொண்ணு, என் எதிரிகளே கையப் புடிச்சு சொந்தக்காரங்ககிட்ட கொண்டு விடுவாங்கன்னு. கார்டு வாசகர் போன வாரம்தான் ரெண்டு வருஷ சந்தா கட்டியிருக்கார், சந்தா படிவத்துலயும் 'க' மேல 3 போட்டு.