அண்ணன் எழுதிய எடைச்சீட்டு நிரலைக் கைப்பேசிக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வாங்கும் எடை நிலையம் நடத்துகிறோம். 2004இல் என் அண்ணன் டெல்ஃபி 7இல் எழுதித் தந்த எடைச்சீட்டு நிரல்தான் இன்றுவரை ஓடுகிறது. அண்ணன் இப்போது ஜொகூரில். தோட்டத்திலேயே கைப்பேசியில் சீட்டுப் போட முடியுமா என்று மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) கேட்கிறார். மேக் கணினி வாங்கியிருக்கும் மகன் அதில் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறான். ஈப்போவிலிருந்து வந்த ஒருவர், "ஒரே நிரல், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் நான்கிலும் ஓடும், 18,000 வெள்ளி, மூல நிரலைக் கொடுங்கள்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இந்த வாரம் கொடுக்காதீர்கள், அம்மா. ஏன் என்று சொல்கிறேன்.

டெல்ஃபியில் எழுதும் நிரல் மொழி பாஸ்கல். அது பழைய மொழி, அதனால் முடியாது என்று சொல்ல வரவில்லை. நிக்லாஸ் வீர்த் 1970இல் வெளியிட்ட அந்த மொழியில் நிரல் எழுத இன்று டெல்ஃபி இருக்கிறது, இலவசக் கருவிகளான ஃப்ரீ பாஸ்கலும் அதன் மேல் கட்டிய லசாரஸும் இருக்கின்றன. ஈப்போக்காரர் சொன்ன நான்கு கருவிகளுக்கும் இவற்றில் வழி உண்டு. மொழி எங்கும் ஓடும். ஆனால் உங்கள் அண்ணன் விண்டோஸில் எதையெல்லாம் பிடித்துக்கொண்டு எழுதினாரோ, அது கூடவே வராது.

லோரியோடு எடை போடும் எடைப் பாலத்தின் எண்பெட்டியிலிருந்து ஒரு கம்பி கணினியின் சீரியல் போர்ட் என்ற பழைய இணைப்புத் துளைக்கு வந்திருக்கும். மண்டோரின் கைப்பேசியில் அந்தத் துளையே இல்லை. அந்தக் காலத்தில் டெல்ஃபி 7இல் எழுதிய கணக்கு நிரல்கள் பல, தரவுகளைச் சேமித்து எடுத்துத் தரும் போர்லாண்ட் தரவுத்தள இயந்திரம் என்ற மென்பொருளை நம்பியவை; உங்களுடையதும் அப்படி இருக்கலாம். அந்த இயந்திரம் மேக்கிலும் ஆண்ட்ராய்டிலும் கிடையாது. திரைகளும் அப்படியே. டெல்ஃபியில் கைப்பேசிக்கான திரை ஃபயர்மங்கி என்ற வேறு கட்டமைப்பில் வரைவது. 2011இல் வந்தது அது, உங்கள் நிரலுக்கு ஏழு வயது இளையது. பழைய திரைகள் அதற்குள் தானாக நுழையாது, உட்கார்ந்து மறுபடி வரைய வேண்டும். லசாரஸ் பழைய டெல்ஃபி திரைகளை ஓரளவு மாற்றித் தரும், ஆனால் அது மேசைக் கணினிக்கு. ஆண்ட்ராய்டு என்றால் அங்கும் திரைகளைப் புதிதாகவே கட்ட வேண்டும்.

ஆக, "ஒரே நிரல்" என்று அவர் சொல்வதில் உண்மையாக ஒன்றாக இருக்கப்போவது கணக்குப் போடும் பகுதி மட்டும்: எடை, கழிவு, விலை, பாக்கி, முன்பணம். அந்தப் பகுதியைத் திரையிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைக்கும் வேலைதான் முதல் வேலை. உங்கள் அண்ணன் விலையைப் பெருக்கும் வரியை 'சேமி' என்ற பொத்தானுக்கு அடியிலேயே எழுதியிருப்பார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். அதைப் பிரிக்க எத்தனை நாள் என்று ஈப்போக்காரரைக் கேளுங்கள். "அதெல்லாம் தானாக மாறிவிடும்" என்றால் தேநீர் கொடுத்து வழியனுப்பிவிடுங்கள்.

இந்தக் கணக்குப் பகுதியிலும் ஒரு குழி இருக்கிறது. பாஸ்கலில் 'எக்ஸ்டெண்டட்' என்ற பின்ன எண் வகை, 32 பிட் விண்டோஸில் 80 பிட் நீளம். அதே பெயர், அதே வரி, டெல்ஃபியின் 64 பிட் விண்டோஸ் நிரலில் 64 பிட்டாகச் சுருங்கிவிடும், துல்லியமும் குறையும். அதனால் ஒரே சீட்டு இரண்டு கருவிகளில் ஒரு சென் வித்தியாசம் காட்டலாம். போதாததற்கு, பின்னத்தை முழு எண்ணாக்கும் பாஸ்கலின் 'ரவுண்ட்' கட்டளை 2.5ஐ 2 ஆக்கும், 3.5ஐ 4 ஆக்கும். இரட்டை எண் பக்கம் சாய்வது அதன் வழக்கம். பள்ளிக்கூடத்தில் படித்தது அதுவல்ல. நம் மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கத்தை ஐந்து சென்னுக்கு முழுமையாக்குகிறோம். இந்த மூன்றும் ஒரே சீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும்? லோரிக்காரர் ஐந்து சென்னுக்காக முற்றத்தில் நின்று சத்தம் போடுவார், அதுவும் நியாயமாக. பணம் முழுவதையும் சென் கணக்கில் முழு எண்ணாக வைக்கச் சொல்லுங்கள். வேறெதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

தமிழ்ப் பெயர்கள் அடுத்த தலைவலி. 'முனியம்மா' என்று எழுதினால் உங்கள் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கால், கொம்பு, புள்ளியைத் தனித்தனியாக எண்ணும் இன்றைய டெல்ஃபிக்கு ஒன்பது. லசாரஸ் எண்ணுவது பைட் என்ற சேமிப்பு அலகை; அதற்கு அதே பெயர் 27 பைட். பழைய நிரலில் பெயருக்கு இருபது இடம் என்று ஒதுக்கியிருந்தால், லசாரஸ் இருபதாவது பைட்டில் வெட்டும். சீட்டில் 'முனியம' என்று வந்து, பக்கத்தில் ஒரு கட்டமோ கேள்விக்குறியோ நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் பெயர்களைச் சேமித்திருந்தால் இன்னும் மோசம், எல்லாமே கிறுக்கலாகத் தெரியும். ஒருமுறை முழுவதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். இடுப்பில் மாட்டும் சின்ன வெப்ப அச்சுக் கருவிகளில் தமிழ் எழுத்தே இருக்காது. பெயரைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் தாளுக்கு அகலம் 384 புள்ளி. இதைத் தெரிந்தவர் என்றால் அந்த ஆள் வேலை செய்தவர். ஆங்கிலப் பெயரை மட்டும் அச்சடித்துக் காட்டுகிறவர் விற்கத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

இப்போது உரிமம். இதை இரண்டு முறை படியுங்கள், ஏனென்றால் இதில்தான் பலர் சிக்குகிறார்கள். டெல்ஃபிக்குக் 'கம்யூனிட்டி' என்ற இலவசப் பதிப்பு உண்டு. அதற்கு வரம்பு ஆண்டுக்கு 5,000 அமெரிக்க டாலர் வருமானம். நிரலை விற்று வரும் வருமானம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். "நாங்கள் நிரலை விற்கவே இல்லையே, எங்கள் நிலையத்துக்கு மட்டும்தானே" என்பீர்கள். அது எடுபடாது. நிறுவனம் என்றால் அந்த நிறுவனத்தின் மொத்த வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். குலை வாங்கி ஆலைக்கு விற்கும் உங்கள் நிலையத்தில் சில வாரங்களிலேயே அந்தத் தொகை கைமாறிவிடும். இலாபம் குறைவு என்பதும் பதிலாகாது. உங்கள் மகன் வீட்டில் கற்றுக்கொள்ள அந்தப் பதிப்பை நிறுவலாம், தவறில்லை. ஆனால் அவன் அதில் செய்த செயலி நிலையத்தின் மேசைக்கு வந்த அன்றே அது நிலையத்தின் நிரல். ஆகவே ஈப்போக்காரர் எந்தப் பதிப்பில், யார் பெயரில் வாங்கிய உரிமத்தில் செய்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இணையத்தில் நூறு வெள்ளிக்கு "வாழ்நாள் சாவி" விற்கிறவர்கள் இருக்கிறார்கள்; அதை வாங்கிப் போட்டுவிட்டு முழு விலைக்கு உங்களிடம் பில் நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

லசாரஸில் இந்த வரம்பு இல்லை. "இலவச மென்பொருளில் செய்தால் உங்கள் நிரலையும் ஊருக்குத் திறந்து காட்ட வேண்டும்" என்று பயமுறுத்தினால் நம்பாதீர்கள், அதன் நூலகங்களின் உரிமத்தில் அப்படிக் கட்டாயம் இல்லை.

அடுத்து கையொப்பச் சாவி. ஆண்ட்ராய்டு செயலி ஒவ்வொன்றும் ஒரு சாவிக் கோப்பால் கையொப்பமிடப்பட்டிருக்கும். அதே சாவி இல்லாமல் அதன் மேல் புதுப் பதிப்பை ஏற்ற முடியாது. பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும், நீக்கினால் கைப்பேசியில் இருந்த சீட்டுகளும் போய்விடும். இது எனக்கே நடந்தது. வேலையைத் துணை ஒப்பந்தத்துக்கு விட்டேன், அந்த ஆள் சாவியைத் தன் கணினியிலேயே வைத்துக்கொண்டார், பிறகு தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டார். பதினொரு கைப்பேசிகளில் ஒவ்வொன்றாக நீக்கி ஏற்றினேன். சாவிக் கோப்பும் அதன் கடவுச்சொல்லும் முதல் தவணைப் பணத்தோடு உங்கள் கைக்கு வர வேண்டும், கடைசித் தவணையோடு அல்ல.

கூகுள் பிளேயில் போட்டுத் தருகிறேன் என்பார் ஈப்போக்காரர். எதற்கு? மூன்று மண்டோர்களுக்கா? கோப்பை நேரடியாக ஏற்றினால் போதும். அந்தக் கடைக்குள் போனால் கூகுளின் தாளத்துக்கு ஆட வேண்டும். 2019இல் 64 பிட் இல்லாத செயலியை ஏற்க மாட்டோம் என்றார்கள். டெல்ஃபி அதற்குத் தயாரானது அந்த ஆண்டுக் கடைசியில், அதுவரை நாங்கள் கையைப் பிசைந்தோம். ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டு அளவுக்கு உயர்த்து என்று ஒரு கெடு. 2023 நவம்பருக்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால் முதலில் இருபது பேரை வைத்துப் பதினான்கு நாள் சோதிக்கச் சொன்னார்கள், பிறகு பன்னிரண்டு பேர் என்று இரக்கம் காட்டினார்கள். ஒரு எடை நிலையத்தில் பன்னிரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள்? இப்போது கடைக்கு வெளியே ஏற்றும் செயலிக்கும் அடையாளச் சான்று கேட்கப்போகிறார்களாம். சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா, பிரேசில் நாடுகளில் 2026 செப்டம்பரில் தொடங்குவதாக அறிவித்திருக்கிறார்கள். நம் முறையும் வரும். ஐபோனுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம், கூடவே தொகுக்க ஒரு மேக் கணினி. ஐபோனை மறந்துவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். எடைப் பாலத்தோடு பேசும் நிரல் இருக்கும் கணினியிலேயே இருக்கட்டும். 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டப்படி வணிகத்துக்குப் பயன்படும் தராசு சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். மண்டோர் கைப்பேசியில் தட்டும் எண்ணுக்கு அந்த முத்திரை இல்லை. தோட்டத்தில் அவர் குறிக்க வேண்டியது லோரி எண், சொந்தக்காரர் பெயர், குலை எண்ணிக்கை, நேரம். அதற்கு நான்கு கட்டங்கள் உள்ள ஒரு சின்ன ஆண்ட்ராய்டு செயலி போதும். தோட்டத்துக்குள் அலைவரிசை கிடைக்காது, ஆகவே கைப்பேசியிலேயே எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் சேமித்து, நிலையத்துக்கு வந்ததும் வைஃபையில் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் தட்டியவுடன் சேமிக்கச் சொல்லுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் ஆண்ட்ராய்டு பின்னால் போன செயலியை மூடிவிடக்கூடும், பாதிச் சீட்டு காணாமல் போகும். மேசைக் கணினியிலேயே வளர்ந்த பாஸ்கல்காரர்களுக்கு இது நினைவில் இருக்காது.

மகனுக்கு மேக்கில் நிரல் ஓட வேண்டுமா, கணக்குத் தெரிய வேண்டுமா? கணக்கு என்றால் தினமும் மாலையில் ஒரு பிடிஎஃப் அனுப்பினால் போதும்.

எதற்கும் முன்பு அண்ணனைத் தொலைபேசியில் பிடியுங்கள். 'பாஸ்', 'டிஎஃப்எம்', 'டிபிஆர்' என்று முடியும் மூலக் கோப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் இரண்டு பென்டிரைவில் நகலெடுத்து வீட்டில் ஒன்று, நிலையத்தில் ஒன்று வையுங்கள். யாருக்குக் கொடுத்தாலும் நகலைக் கொடுங்கள். சீரியல் போர்ட்டுக்கு அவர் வெளியிலிருந்து வாங்கிய பாகம் மூல வரிகள் இல்லாத, தொகுத்து முடித்த 'டிசியு' கோப்பாக மட்டும் இருந்தால் அது டெல்ஃபி 7ஐத் தவிர வேறெதிலும் ஏறாது, அதை மட்டும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். மூலக் கோப்புகளே இல்லை, ஓடும் நிரல் மட்டும்தான் மிச்சம் என்றால், அதிலிருந்து திரைகளை மீட்கலாம், அண்ணன் எழுதிய வரிகளை மீட்க முடியாது. "மீட்டுத் தருகிறேன்" என்று ஈப்போக்காரர் முன்பணம் கேட்டால், பத்துப் பழைய சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்து, இவற்றின் தொகை ஒரு சென் பிசகாமல் வந்த பிறகு பணம் என்று சொல்லுங்கள்.