அறுபதில் ஒன்றரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கினேன். ஒரு சந்தேகம். பால்டிமோர் ரேவன்ஸ் அணி, லைன்பேக்கர் என்ற தடுப்பு இடத்தில் ஆடும் ரோக்வான் ஸ்மித்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, அவர் எறிவதற்குள் வீழ்த்துவதுதானே சாக் (sack)? 2023 சீசனில் அந்த அணி எடுத்த 60 சாக்குகளில் ஸ்மித்தின் பங்கு ஒன்றரைதான். குவார்ட்டர்பேக்கை வீழ்த்தாதவருக்கு எதற்கு இவ்வளவு பணம்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கணக்கு சரி. ஆனால் அந்த ஒன்றரையை விட்டுவிட்டு மீதி ஐம்பத்தெட்டரையைப் பாருங்கள். அவற்றில்தான் ஸ்மித்தின் உழைப்பு இருக்கிறது.

தடுக்கும் அணியின் முன்வரிசை ஆட்கள் எதிரே நிற்கும் மலை போன்றவர்களோடு மல்லுக்கட்டுவார்கள். அவர்களுக்கு நாலைந்து கஜம் பின்னால் நிற்பவர் நடு லைன்பேக்கர்; அதுதான் ஸ்மித்தின் இடம். ஸ்னாப் ஆன, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கிய நொடியிலேயே இது ஓட்டமா, பாஸா என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். ஓர் அடியைத் தப்பாக முன்னே வைத்தால் போதும், பந்து அவர் தலைக்கு மேலே போய்விடும்.

ரேவன்ஸின் தடுப்பாட்டத்தை வகுத்த அன்றைய பயிற்சியாளர் (டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர்) மைக் மெக்டொனால்ட் அவருக்கு இன்னொரு வேலையும் வைத்திருந்தார். சில சமயம் ஸ்மித் முன்வரிசைக்கே வந்து நிற்பார். குவார்ட்டர்பேக் மீது பாயப் போகிறார் என்று எதிரணி அவருக்காக ஓர் ஆளை ஒதுக்கும். ஸ்னாப் ஆனதும் ஸ்மித் பின்னால் ஓடி நடுப்பகுதியை அடைத்துவிடுவார். ஒதுக்கப்பட்டவர் தடுக்க ஆளில்லாமல் நிற்பார். இரண்டு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டிய ரேவன்ஸ் முன்வரிசை வீரர் ஜஸ்டின் மடுபுகேயை அப்போது ஒருவர் தனியாகச் சமாளிக்க வேண்டியிருக்கும். அந்த சீசனில் மடுபுகே எடுத்தது 13 சாக். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை ஸ்மித் செய்யும் இந்த வேலைதான்.

அப்புறம், அவர் ஹெல்மெட்டின் பின்புறம் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். கோச்சின் குரல் ரேடியோ வழியாக அவர் காதுக்கு வரும் என்பதற்கு அது அடையாளம். தடுக்கும் அணியில் ஒரு நேரத்தில் ஒருவருக்கே அந்த வசதி. அடுத்த ஸ்னாப்புக்கான கடிகாரத்தில் (play clock) 15 விநாடி மிச்சமிருக்கும்போது அதுவும் அறுந்துவிடும். அதற்குப் பிறகு எதிரணி இடம் மாறினால் மற்ற பத்துப் பேரையும் அவர்தான் சத்தம் போட்டுத் திருத்தி நிறுத்த வேண்டும்.

ஸ்மித்தின் பக்கத்தில் ஆடிய இன்னொரு லைன்பேக்கர் பேட்ரிக் குவீன் தொடக்க ஆண்டுகளில் தடுமாறியவர். 2022 அக்டோபர் கடைசியில் சிகாகோ பேர்ஸ் அணியிலிருந்து ஸ்மித் வந்தபின் ஆளே மாறிப்போனார். 2023-ல் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார். அந்த சீசனில் ரேவன்ஸ்தான் லீக்கிலேயே குறைந்த புள்ளிகள் கொடுத்த அணி. சாக்கிலும், பந்தைப் பறித்ததிலும்கூட முதலிடம். மூன்றிலும் ஒரே சீசனில் முதலிடம் பிடித்த அணி அதற்கு முன் இல்லை.

உங்கள் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2024-ல் மெக்டொனால்ட் சியாட்டிலுக்கும் குவீன் பிட்ஸ்பர்குக்கும் போய்விட்டார்கள். ஸ்மித் இருந்தும் அந்த சீசனின் முதல் பாதியில் ரேவன்ஸின் பாஸ் தடுப்பு லீக்கின் கடைசி வரிசையில் கிடந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தனி ஆளாக அவரால் அதைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. ஆனாலும் அந்தப் பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

2024 ஜனவரியில் கான்சாஸ் சிட்டியிடம் ரேவன்ஸ் 17-10 என்று தோற்ற ஆட்டம் கிடைத்தால் இரண்டாம் பாதியைப் பாருங்கள். குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் கான்சாஸ் சிட்டி அணிக்கு அதில் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. பந்தை விட்டுவிட்டு, ஸ்மித்தின் 0 எண் சட்டை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.