‘வெறும் கம்யூனிகேஷன் கடை’ – கடிதம்

அன்புள்ள அக்கா,

மூன்று வருடமாக உங்களை வாசிக்கிறேன். நீங்கள் அச்சகத்தில் தொடங்கி வெப் வேலைக்கு வந்தவர் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிவில் கேட்கிறேன். எனக்கு 22 வயது. வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதினேன், வெட்டுப்புள்ளி காணவில்லை. இப்போது டவுனில் வெறும் கம்யூனிகேஷன் கடையொன்றில் நிற்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், சனத்துக்கு ஒன்லைன் அப்ளிகேஷன் நிரப்பிக் கொடுப்பது, இவ்வளவுதான். இரவில் யூடியூப் பார்த்து எட்டு மாதமாக வெப் பக்கம் செய்யும் மொழிகளான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் படித்திருக்கிறேன். ஃபிரண்ட் எண்ட் டெவலப்பர், அதாவது பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் முன்பகுதியைச் செய்கிறவர், ஆக ஆசை. ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்டில் பக்கம் கட்ட உதவும் கருவி) வகுப்புக்கு 45,000 ரூபா கேட்கிறார்கள், சேரவா? பட்டம் இல்லாமல் வேலை தருவார்களா? கொழும்புக்குப் போகத்தான் வேணுமா? ஏஐ எல்லாவற்றையும் எழுதுகிறதே, இந்த வேலை இனி இருக்குமா? என் ஆங்கிலமும் சுமார்தான். நான் செய்த ஒரு பக்கத்தின் இணைப்பை அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
சாம்பல்தீவு

அன்புள்ள தங்கச்சி,

கேள்விகள் எல்லாம் சரி. எனக்குக் கோபம் வந்தது கேள்வியே இல்லாத ஒரு வரியில். ‘வெறும் கம்யூனிகேஷன் கடை, அப்ளிகேஷன் நிரப்பிக் கொடுப்பது, இவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘வெறும்’ எங்கிருந்து வந்தது?

போன மாதம் அம்மாவுக்கு ஒரு ஒன்லைன் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. எந்த இடத்துப் படிவம் என்பது இங்கே வேண்டாம். நான் வாங்கி நிரப்பியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அம்மா விடவில்லை. “நானே செய்யிறன், நீ பக்கத்தில இரு” என்றார். 77 வயது. போனைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்.

முதல் பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ எழுதியிருந்தது. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலை வைத்தார். வைத்ததும் எழுத்து மறைந்துவிட்டது. “இதுக்குள்ள என்னத்தை எழுதச் சொன்னது?” என்று என்னைப் பார்த்தார். பெட்டிக்கு வெளியே பெயர் எழுதி வைக்கவில்லை. லேபல் என்கிற குறி 1997 இல் எச்டிஎம்எல் 4 உடன் வந்தது. லேபலைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் எழுத்தின் மேல் தட்டினாலும் பெட்டி திறக்கும். விரல் நடுங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! ஒரு வரி வேலை. இத்தனை வருடம் கழித்தும் அதை எழுதாமல் விடுகிறார்கள்.

அடுத்தது பிறந்த திகதி. தட்டினால் ஒரு நாள்காட்டி விரிந்தது, இந்த மாதம். பின்னால் போக ஒரு சின்ன அம்புக்குறி மட்டும், ஒரு தட்டுக்கு ஒரு மாதம். கையால் எழுத விடாது. அம்மா 1948 இல் பிறந்தவர். 77 வருடம், வருடத்துக்கு 12 மாதம், 924 தட்டு. முப்பது நாற்பது தட்டியிருப்பார். “எப்ப பிள்ளை நாற்பத்தெட்டு வரும்?” என்றார். பிரித்தானிய அரசின் வடிவமைப்பு வழிகாட்டி, பிறந்த திகதி மாதிரி மனதில் இருக்கும் திகதிக்கு நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டி வைக்கச் சொல்கிறது. தன் பிறந்த நாளை யாரும் நாள்காட்டியில் தேடுவதில்லை.

பிறகு அடையாள அட்டை. உங்களுக்குத் தெரியும், 2016 இலிருந்து கொடுக்கிற இலக்கத்தில் 12 எண்கள். அதற்கு முந்தியதில் 9 எண்ணும் கடைசியில் ஒரு ஆங்கில ‘வீ’யும். சிலருக்கு ‘எக்ஸ்’. அம்மாவிடம் இருப்பது பழையது. 48 என்று தொடங்கி ஒன்பது எண்ணையும் சரியாகத் தட்டினார். ‘வீ’யைத் தட்ட இடமில்லை. ‘இலக்கம்தானே’ என்று நினைத்து, எண்கள் மட்டும் வரும் விசைப்பலகையை அந்தப் பெட்டிக்கு வைத்திருக்கிறார்கள். அம்மா விசைப்பலகையை மேலும் கீழும் தேடினார். ‘வீ’ இல்லாமலே அனுப்பினார். மேலே சிவப்பில் ‘பிழை’ என்று ஒரு சொல் வந்தது, எது பிழை என்று சொல்லவில்லை. நிரப்பியதெல்லாம் வெறுமையாகிவிட்டது.

அம்மா போனை மடியில் வைத்துவிட்டு, “எனக்குத்தான் தெரியேல்ல போல” என்றார்.

தங்கச்சி, நாற்பது வருடம் குடும்பக் கணக்கை ஒரு கொப்பியில் பிசகாமல் எழுதிய மனுசி அவர். அந்த வார்த்தையை அவர் வாயில் வரவழைத்தது ஒரு பக்கத்தின் முன்பகுதி. சர்வரில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும். நீங்கள் செய்ய ஆசைப்படும் வேலை அந்த முன்பகுதிதான். அன்றிலிருந்து இதே நினைப்பாக இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

இப்போது உங்கள் மேசைக்கு வாருங்கள். மூதூரிலிருந்து, கிண்ணியாவிலிருந்து, தம்பலகாமத்திலிருந்து வருகிறவர்கள் அடையாள அட்டையை நீட்டி “இதைப் பார்த்து அடி பிள்ளை” என்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை படிவம்? எந்தப் பெட்டியில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், எந்தக் கேள்விக்கு “அப்பிடியெண்டா என்ன?” என்று கேட்கிறார்கள், தகப்பன் பெயரை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் எங்கே முழிக்கிறார்கள், எந்தப் பக்கம் பாதியில் நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளுகிறது, எல்லாம் உங்களுக்குக் கைப்பாடம். பெரிய நிறுவனங்கள் இதைத் தெரிந்துகொள்ள ஆட்களைக் கூப்பிட்டு, அறையில் இருத்தி, காசும் கொடுத்துப் பார்க்கின்றன. நீங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கிறீர்கள். அதைத்தான் ‘இவ்வளவுதான்’ என்று எழுதினீர்கள்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தையும் பார்த்தேன். வெளிநாட்டுச் சப்பாத்துக் கடையொன்றின் முகப்பை அப்படியே பார்த்துச் செய்திருக்கிறீர்கள். கட்டங்கள் நேராக நிற்கின்றன, படங்கள் அசைகின்றன. கை பழகியிருக்கிறது, சந்தோசம். ஆனால் அதை மத்தியானம் கடற்கரையில் நின்று என் போனில் திறந்தேன். வெள்ளையில் வெளிறிய சாம்பல் எழுத்து. வெயிலில் ஒரு வரியும் தெரியவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும் என்று அணுகல்தன்மை விதிகளில் இருக்கிறது. உலாவிக்குள்ளேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸே அளந்து காட்டும். சாம்பல்தீவில் இருந்துகொண்டு வெயிலை மறக்கலாமா? எட்டு மாதம் இரவில் கண்விழித்துப் படித்தவர், செய்ததை ஒரு தடவை கடை வாசலுக்கு வந்து நின்று பார்த்திருக்கலாம்.

எனக்கு இது எங்கே உறைத்தது என்று சொல்கிறேன். 1998 இல், இங்கே ஓர் அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வேகமாக அடிப்பேன், பிழை குறைவு. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. ஒரு நாள் வயதான ஒருவர் மரண அறிவித்தல் அடிக்க வந்தார். அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். வந்தவர் மீன்பிடிக்கிறவர், வாசிக்கத் தெரியாது. அடித்து, புரூஃப் எடுத்து முதலாளியிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. “அவருக்கு வாசிச்சுக் காட்டு” என்றார். எனக்கு எரிச்சல். இன்னும் நாலு வேலை கிடந்தது.

வாசித்தேன். ‘காலஞ்சென்ற இன்னார், இன்னார் ஆகியோரின் அன்புச் சகோதரரும்’ என்ற இடத்தில் அந்த வயதானவர் கையைத் தூக்கினார். “அவன் இருக்கிறான் பிள்ளை” என்றார். எனக்கு விளங்கவில்லை. திரும்ப வாசித்தேன். “ரெண்டாவது தம்பி செத்துப்போகேல்ல. வன்னியில இருக்கிறான். கடிதம்தான் இல்லை. நீங்கள் சாகடிச்சுப்போட்டீங்களே” என்றார். குரல் உடைந்துவிட்டது. நான் ‘காலஞ்சென்ற’ என்பதை ஒருவருக்குத்தான் போட்டிருந்தேன். கண்ணுக்கு அது சரி. காதில் அது இரண்டு பேருக்கும் சேர்ந்து விழுகிறது. அந்த அறிவித்தலைக் கேட்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அவரைப் போல யாரோ வாசிக்கக் கேட்பவர்கள். உயிரோடு இருப்பவரின் பெயரை முன்னுக்குப் போட்டு, ‘காலஞ்சென்ற’வைப் பின்னுக்குத் தள்ளித் திருத்தினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை, நானாகவே வாசித்தேன்.

பல வருடம் கழித்து வெப் பக்கம் எழுதப் பழகியபோது, கண் தெரியாதவர்கள் பாவிக்கும் திரைவாசிப்பானைப் பற்றிப் படித்தேன். சிஎஸ்எஸ்ஸால் பெட்டிகளை எப்படி இடம் மாற்றிக் காட்டினாலும், அது எச்டிஎம்எல்லில் நாம் எழுதிய ஒழுங்கில்தான் வாசிக்கும். அந்த இடத்தில் எனக்கு அந்த மனுசனின் தூக்கிய கை ஞாபகம் வந்தது. இன்றுவரை ஒழுங்கை வாய்விட்டு வாசித்துப் பார்க்காமல் ஒரு பக்கத்தையும் நான் அனுப்பியதில்லை.

தமிழைப் பற்றியும் ஒன்று. ஜாவாஸ்கிரிப்டிடம் ‘திருகோணமலை’ என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். நாம் தி, ரு, கோ, ண, ம, லை என்று 6 எழுத்து எண்ணுவோம். அது 10 என்று சொல்லும். விசிறி, சுழி, கொம்பு எல்லாம் அதற்குத் தனிக் கணக்கு. இடம் போதாதென்று ஐந்தோடு வெட்டச் சொன்னால் ‘திருக’ என்று கோவின் கழுத்தை அறுத்துத் தரும். பெயர்ப் பெட்டிக்கு 20 என்று எல்லை வைத்தவருக்கு, தமிழில் எழுதினால் பன்னிரண்டு பதின்மூன்று எழுத்திலேயே பெட்டி மூடிக்கொள்ளும் என்பது தெரியாது. எழுத்தை நம் கணக்கில் எண்ணவும் வழி இருக்கிறது. இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்று தேடுங்கள், 2024 முதல் எல்லா முக்கிய உலாவிகளிலும் வேலை செய்கிறது. இதை நீங்கள் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்? தமிழில் பெயர் எழுதுகிற சனம் உங்கள் மேசைக்கு முன்னால்தான் நிற்கிறது.

சரி, உங்கள் கேள்விகள். வகுப்புக்கு இப்போது காசு கட்ட வேண்டாம். ரியாக்ட் 2013 இல் வெளிவந்தது. அதற்கு முன் ஆங்குலர், அதற்கும் முன் 2006 இல் வந்த ஜேகுவரி. ஒவ்வொன்றும் வந்தபோது இதுதான் எல்லாம் என்றார்கள். ரியாக்ட் வேண்டும், வேலைக்குக் கேட்பார்கள். ஆனால் அதன் சொந்தத் தளத்திலேயே பாடம் இலவசமாக இருக்கிறது, இலவசமாகக் கற்பிக்கும் ஃப்ரீகோட்கேம்ப் தளம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு படிவத்தை முழுதாகச் சரிபார்க்க எழுதிவிட்டு அங்கே போங்கள். பட்டம் வேண்டுமென்றால் வேலை செய்துகொண்டே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பிஐடி (தகவல் தொழில்நுட்பப் பட்டம்) படிக்கலாம். கொழும்புக்குப் போவதா என்பதை வேலைக்கடிதம் கையில் வந்த அன்று யோசியுங்கள். ஆங்கிலத்துக்கு, வெப் மொழிகளை விளக்கும் எம்டிஎன் தளத்தில் தினம் ஒரு பக்கம், அகராதியோடு. சாக்குச் சொல்லாமல். ஏஐயிடம் ஒரு படிவம் கேட்டுப் பாருங்கள், நொடியில் தரும். பழைய அட்டையின் ‘வீ’யை அதற்கு எடுத்துச் சொல்ல, அது தந்ததில் ‘வீ’க்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு ஆள் வேண்டும்.

நாளைக்கே ஒரு கொப்பி வாங்கி மேசை லாச்சியில் வையுங்கள். யார் எந்த இடத்தில் நின்றார்கள், என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். ஆட்களின் பெயரும் இலக்கமும் அதில் வரவே கூடாது. அது அவர்கள் உங்களை நம்பித் தந்தது. ஒரு மாதம் எழுதினால் போதும். பிறகு அந்தச் சப்பாத்துக் கடையை மூடிவிட்டு, நீங்கள் அதிகம் நிரப்புகிற படிவத்தைத் தமிழில் புதிதாகச் செய்யுங்கள். நிரல்களை எல்லோரும் பார்க்க வைக்கும் தளமான கிட்ஹப்பில் போடுங்கள், கொப்பியில் கண்டதையும் செய்த மாற்றத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். நான் வேலைக்கு ஆள் எடுத்த தடவைகளில் சப்பாத்துக் கடை நிறைய வந்திருக்கிறது. பழைய அட்டைக்காரருக்காக ஒரு பெட்டியை மாற்றினேன் என்று எழுதிய ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் அன்றே கூப்பிட்டிருப்பேன். கையில் கொஞ்சம் காசு வேண்டுமென்றால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதிகளுக்கு சீசனுக்கு முன் பக்கம் செய்து கொடுக்கலாம். பாதிக் காசை முதலில் வாங்கிவிடுங்கள்.

படிவம் முடிந்ததும் எழுதுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வருகிறேன். அவருடைய அட்டையை அவரே கொண்டு வருவார், அவரே தட்டுவார். நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவர் கேட்கும்வரை போனைத் தொடக் கூடாது.

அன்புடன்,
அக்கா